மேடையில் சொன்னதே செல்லும்

ஏலப் புத்தகத்தின் இருபத்தேழாம் பக்கத்தில் மார்த்தா 614 பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தாள். படம் எடுப்பதற்கு முன் வால் மயிரைச் சீவி, முதுகு முடியை ஊதி நிமிர்த்தி, முன்னங்கால்களை ஒரு சிறு மேட்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். மார்த்தாவுக்கு இந்த அலங்காரமெல்லாம் தேவையே இல்லை. சேற்றில் நின்றாலும் அவள் அவள்தான். ஆர்லிஸ் டோலிஃப்சன் காலையிலிருந்து அந்தப் பக்கத்தைப் பத்துத் தடவை புரட்டிவிட்டாள். படத்துக்காக இல்லை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த ஒரு வரிக்காக. "அறியப்பட்ட மரபணுக் குறை எதுவும் இல்லை."

டிசம்பரில் அச்சடித்தபோது அது உண்மை. இன்றைக்கு ஜனவரி இருபத்திரண்டு. போன வியாழக்கிழமையிலிருந்து அது பொய்.

அமெரிக்காவின் ரேப்பிட் சிட்டி கண்காட்சித் திடலின் பெரிய கூடத்துக்கு வெளியே மூச்சு விட்டால் மீசை உறையும் குளிர். உள்ளே எழுநூறு தொப்பிகள். வருஷா வருஷம் இந்த வாரத்தில் பதினொரு மாநிலத்துக் கறிமாட்டுப் பண்ணைக்காரர்கள் இங்கே கூடுவார்கள். சாதாரண மாட்டைக் கொண்டுவந்தால் வாசலிலேயே சிரித்து அனுப்பிவிடுவார்கள். இங்கே விலை போவது கறி இல்லை. இனிமேல் பிறக்கப்போகும் கன்றுகள், அவற்றின் கன்றுகள், அவற்றுக்கும் பின்னால் வரப்போகிறவை. அதனால்தான் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் நிறைய எண்கள் போட்டு அச்சடிக்கிறார்கள். பிறப்பு எடைக்கு ஓர் எண், வளர்ச்சிக்கு ஓர் எண், கறியில் ஓடும் கொழுப்பு வரிக்கு ஓர் எண். மாட்டைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் பெருத்துவிட்டார்கள். ஆர்லிஸுக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல்.

அவளுக்கு வயது அறுபத்திரண்டு. ஃபெய்த் ஊருக்கு வடக்கே புல்லும் காற்றும் மட்டுமே உள்ள இடத்தில் அவள் பண்ணை. கல்யாணமான எட்டாம் வருஷம் புருஷன் வீடெல்லாம் மாட்டு நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். மாடுகள் போகவில்லை. ஒரே ஒரு மார்த்தாவிலிருந்து தொடங்கினாள். அவர்கள் வழக்கத்தில் தாயின் பெயர்தான் மகளுக்கு. எண் மட்டும் மாறும். இப்போது அவள் மேய்ச்சலில் நூற்றிப்பத்து மார்த்தாக்கள் நிற்கிறார்கள். யாராவது ஒருத்தியை விலைக்குக் கேட்டால் ஆர்லிஸ் காதில் விழாதது போல நடந்து போய்விடுவாள்.

இந்த வருஷம்தான் முதல் தடவையாகக் கதவைத் திறந்திருந்தாள். இருபத்தேழாம் எண்ணில் ஏலம் எடுப்பவர் அவள் மந்தைக்கு நேரே வந்து, எந்தப் பசுவை வேண்டுமானாலும் கை காட்டி ஓட்டிக்கொண்டு போகலாம். ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் காரணம் ஆன்வில்.

ஆன்வில் மார்த்தா 614-இன் மகன். அப்படியொரு காளை அந்தச் சமவெளியில் பிறந்ததில்லை என்று சொன்னார்கள். எண்கள் வந்தபோது மாட்டினப் பதிவுச் சங்கத்து ஆட்களே இரண்டு தடவை சரிபார்த்தார்களாம். காளைக்கு ஒன்றரை வயதாகும்போது ரோய்ஸ் டங்கல் பளபளக்கும் வண்டியில் வந்து இறங்கினான். பாதிப் பங்கு கேட்டான். ஆர்லிஸ் கொடுத்தாள். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான். ரோய்ஸ் ஆன்வில்லின் உறைவிந்தை நாடு முழுக்க அனுப்பினான். மூன்று வருஷத்தில் நாலாயிரம் கன்றுகள்.

பாதியை விற்றது மட்டும் தப்பில்லை, எப்போது விற்றாள் என்பதுதான் தப்பு. ஆர்லிஸுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் பொலிகாளையையும் வெளியே விடுமுன் அதன் மகள்களோடேயே அதைச் சேர்த்துப் பார்ப்பாள். கேட்க ஒரு மாதிரி இருக்கும். மாட்டுக்கு உறவுமுறை கிடையாது. ஒரு காளையின் ரத்தத்தில் ஏதாவது குறை ஒளிந்திருந்தால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வரும்போது அது வெளியே தெரியாது, கன்று நன்றாகத்தான் பிறக்கும். தகப்பன் பக்கம், தாய் பக்கம் இரண்டிலிருந்தும் சேர்ந்து வந்தால்தான் முகத்தைக் காட்டும். அதற்கு நாலு வருஷம் காத்திருக்க வேண்டும். ஆன்வில் விஷயத்தில் அவள் காத்திருக்கவில்லை. எல்லாரும் புகழ்ந்தார்கள், மயங்கிவிட்டாள்.

போன ஏப்ரலில், ஆன்வில்லோடு பிந்திச் சேர்த்துப் பார்த்த அவன் மகள்கள் பதினாலு பேரும் தலையீத்து ஈன்றார்கள். பன்னிரண்டு கன்றுகள் எழுந்து நின்று பால் குடித்தன. இரண்டு கன்றுகளுக்கு நாலு காலும் மடங்கி, மூட்டு மரக்கட்டையாக இறுகியிருந்தது. நீட்டினால் நீளாது. அதில் ஒன்று வெளியே வர முடியாமல் தாயையும் சேர்த்துக் கொண்டுபோனது. விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை அந்தக் கிடாரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆர்லிஸ் உட்கார்ந்திருந்தாள். பிறகு கன்றுகளின் காதிலிருந்து துண்டு வெட்டிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள்.

வியாழக்கிழமை அங்கிருந்து டாக்டரம்மா கூப்பிட்டாள். சந்தேகமே இல்லை, மரபணுவில்தான் குறை. ஆன்வில்லிடம் இருக்கிறது. ஆன்வில்லுக்கு மார்த்தா 614 கொடுத்தது. ஆர்லிஸ் போனை வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் போய் அழுதாள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அழுது முடித்ததும் ரோய்ஸைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். இந்த வருஷக் கூடுகையை நடத்துகிறவனே அவன்தான்.

"ஆய்வகக் கடுதாசி வந்துச்சா?" என்று கேட்டான்.

"அடுத்த மாசம் வரும்."

"சங்கம் அறிவிச்சுதா?"

"அவங்க கூடறதே மார்ச்சுலதான்."

ரோய்ஸ் குரலில் தேன் ஊற்றிக்கொண்டான். "சரி, கவலைப்படாதீங்க ஆர்லிஸ். ஏலம் விடற கர்னல்கிட்ட நான் பேசறேன். ஏலத்தன்னிக்கு அவரே மேடையில அறிவிச்சுடுவாரு."

ஆர்லிஸ் நம்பினாள்.

இப்போது மணி பதினொன்றரை. கர்னல் எதையும் அறிவிக்கவில்லை.

சாப்பாட்டு வரிசையில் நின்றாள். இந்தப் பக்கத்து வழக்கப்படி காரமான பீன்ஸ் கறிக் கிண்ணமும், பக்கத்திலேயே சர்க்கரைப் பாகு வழியும் இலவங்கப்பட்டை ரொட்டியும். பின்னாலிருந்து ஒரு முழங்கை அவளை இடித்தது. லைல் நோவோட்னி. முப்பது மைல் தள்ளிப் பண்ணை வைத்திருப்பவன். அவளைச் சீண்டாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"என்ன ஆர்லிஸ், கடைசியில வேலியைத் திறந்துட்டியே! நாப்பது வருஷமா எட்டிப் பார்த்தாக்கூட நாயை ஏவி விடுவ."

"என் நாய் உன்னைப் பார்த்துத்தான் குரைக்கும் லைல். மத்தவங்களுக்கு வாலாட்டும்."

"அதுக்கு ரசனை பத்தாது. கேளு, இருபத்தெட்டாம் நம்பர் எனக்குத்தான். நீ குறுக்க கையைத் தூக்கிடாத."

இருபத்தெட்டு ரோய்ஸுடையது. ஆன்வில்லின் மகன், இரண்டு வயதுக் காளை.

"உனக்கு எதுக்கு அது?" என்றாள்.

"எதுக்கா? எங்கிட்ட ஆன்வில் மகளுங்க இருபது நிக்குதே. அத்தனைக்கும் இவன்தான் மாப்பிள்ளை. ஆன்வில் மேல ஆன்வில்! எண்ணெல்லாம் எகிறும்னு ரோய்ஸ் சொல்றான்." லைல் ரொட்டியைக் கறியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டான். "அப்புறம் என் மந்தையைப் பார்க்க நீ வேலிக்கு வெளிய வரிசையில நிக்கணும்."

ஆர்லிஸ் மனதுக்குள் கணக்குப் போட்டாள். இருபதும் கிடாரிகள். இருபதுக்கும் தலையீத்து. அதில் பாதியாவது குறையைச் சுமந்துகொண்டு நிற்கும். கன்றின் கால் மடங்கினால் கிடாரி பிழைப்பதும் சந்தேகம்.

"லைல், காலையில கர்னல் ஏதாவது அறிவிச்சாரா? நான் மாடு பார்க்கப் போயிருந்தப்போ?"

"அறிவிச்சாரே. டோனட் தீர்ந்துபோச்சுன்னு."

ஆர்லிஸ் கிண்ணத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ரோய்ஸைத் தேடிப் போனாள். அவன் கழுத்தில் பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு டெக்சாஸ்காரர்களோடு சிரித்துக்கொண்டிருந்தான். தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"கர்னல்கிட்டச் சொல்லலியா நீ?"

அவன் அவளைத் தூண் பக்கம் நகர்த்திக்கொண்டு போனான். "நீங்க மேடைக்கே போக வேண்டாம் ஆர்லிஸ். உங்களுக்குன்னு ஒரு படம் எடுத்து வச்சிருக்கோம். ரெண்டு நிமிஷம். சூரியன் மறையறது, மார்த்தா தண்ணி குடிக்கிறது, பின்னாடி பிடில் இசை. நீங்க உட்கார்ந்து பாருங்க, போதும்."

"நான் கேட்டது அது இல்ல."

"இதோ பாருங்க. அறியப்பட்ட குறைன்னா சங்கம் அறிவிச்ச குறை. சங்கம் இன்னும் அறிவிக்கல. அப்ப புத்தகத்துல இருக்கிறது சரிதான். வக்கீலைக் கேட்டாச்சு."

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும். அப்புறம் வக்கீல் எதுக்கு?"

"உங்களை யாரு அப்பனோட மகளைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னது?" ரோய்ஸின் குரல் தடித்தது. "இந்தக் காலத்துல எவனாவது அதைப் பண்றானா? தேடிப்போய்த் தோண்டினா எல்லார் கொல்லையிலயும்தான் எலும்பு கிடைக்கும்."

"என் கொல்லையில ரெண்டு கன்னும் ஒரு கிடாரியும் கிடக்குது ரோய்ஸ். நான் தோண்டல. புதைச்சேன்."

ரோய்ஸ் சுற்றும் முற்றும் பார்த்தான். மரியாதை அங்கேயே கழன்று விழுந்தது. "நீ இன்னிக்கு வாயைத் திறந்தா உன் மார்த்தா வம்சம் மொத்தமும் கறிக்குத்தான் போகும். நூத்திப்பத்தும். அப்புறம் இந்தக் கூடத்துல உனக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைக்காது. பக்கத்துல உட்கார ஒரு ஆளும் கிடைக்காது. யோசிச்சுக்க."

ஆர்லிஸ் யோசித்தாள். யோசிக்காமல் என்ன? பயந்தும் போனாள். அவன் சொன்னதில் பொய் இல்லை. பக்கத்து மாநிலத்தில் ஒருவன் தன் காளையிடம் குறை இருக்கிறது என்று சொன்ன வருஷம் அவன் பண்ணை வாசலில் ஒரு வண்டி நிற்கவில்லை. கல்யாணத்துக்குக் கூட யாரும் அழைக்கவில்லை. சொல்லாமல் இருந்தவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் போட்ட கோப்பைகள் வாசல் கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக இருக்கின்றன. இதை நினைத்தபோதுதான் அவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. நாற்பது வருஷம் ஒரு மாட்டையும் பொய் சொல்லி விற்றதில்லை. இந்தப் பட்டுத் துணிக்காரனுக்காக இன்றைக்குத் தொடங்குவதா?

மத்தியான ஏலம் தொடங்கியது. மேடை என்றால் மரத்தில் நாலு படி உயரம். அதற்கு முன்னால் வைக்கோல் பரப்பிய வட்டம், வட்டத்தைச் சுற்றி நாற்காலிகள். ஏலம் விடுபவர் ஹார்லன் க்விஸ்ட். இங்கே மாடு ஏலம் விடுகிற எல்லாரும் கர்னல்தான்; ஹார்லன் க்விஸ்ட் எந்தப் போரிலும் ஒரு குண்டு சுட்டதில்லை. நாக்கு மட்டும் இயந்திரத் துப்பாக்கி. தொடங்குமுன் வழக்கம்போலப் புத்தகத்தின் முதல் பக்கத்தை வாசித்தார்.

"புத்தகத்துல என்ன அச்சடிச்சிருந்தாலும் சரி, இந்த மேடையிலிருந்து இன்னிக்கு என்ன சொல்றமோ அதுதான் செல்லும்."

ஒருவரும் கேட்கவில்லை. அதை வாசிக்கும்போதுதான் எல்லாரும் காப்பியில் சர்க்கரை கலக்குவார்கள். ஆர்லிஸ் கேட்டாள். எத்தனையோ ஏலத்தில் கேட்டிருந்த வரி. இன்றைக்குத்தான் அது தனக்காகவே எழுதினாற்போல இருந்தது.

அந்தக் கூடத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. விற்பவர் தன் மாட்டைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசுவார். பேசி முடித்ததும் ஒலிவாங்கியை அடுத்து விற்பவர் கையில் அவரே கொடுப்பார். கை மாறி, கை மாறிக் கடைசி மாடு வரை அது போகும். இருபத்தாறாம் எண்ணில் ஒரு வயோமிங்காரர் பேசி முடித்துவிட்டுப் படியில் நின்று ஆளைத் தேடினார். அதற்குள் திரையில் சூரியன் மறையத் தொடங்கிவிட்டது. பிடில் இழைந்தது. மார்த்தா தண்ணீர் குடித்தாள்.

ஆர்லிஸ் படியேறினாள். வயோமிங்காரர் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

கர்னல் குனிந்து பார்த்தார். "ஏம்மா, படம் ஓடிக்கிட்டிருக்கே."

"நிறுத்தச் சொல்லுங்க கர்னல். என் மாடு. என் ரெண்டு நிமிஷம்."

ரோய்ஸ் மேடை ஓரத்திலிருந்து தலையை வேகமாக ஆட்டினான். கர்னல் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தன் முன்னால் இருந்த புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தார். "படத்தை நிறுத்துங்கப்பா" என்றார். மார்த்தா தண்ணீரில் வாயை வைத்தபடியே மறைந்து போனாள்.

"நான் ஆர்லிஸ் டோலிஃப்சன்" என்றாள். தெரியாதவர்கள் அங்கே யாரும் இல்லை. ஆனாலும் சொன்னாள். "இருபத்தேழாம் பக்கத்துல குறை இல்லைன்னு போட்டிருக்கு. குறை இருக்கு. ஆன்வில்கிட்ட இருக்கு. மார்த்தா 614 கிட்டயிருந்து வந்தது. பதினாலு மகளுங்களோட அவனைச் சேர்த்துப் பார்த்தேன். ரெண்டு கன்னு காலெல்லாம் மடங்கிப் பிறந்து செத்துப்போச்சு. ஒரு கிடாரியும் போச்சு. ஆய்வகத்துல பார்த்து மரபணுன்னு சொல்லிட்டாங்க. கடுதாசி பின்னாடி வரும். ஆன்வில் ரத்தத்தை ஆன்வில் ரத்தத்தோட சேர்க்காதீங்க. அவ்வளவுதான்."

எழுநூறு பேரில் முந்நூறு பேர் வீட்டிலாவது ஆன்வில் மகளோ மகனோ நிற்கிறது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"லூபின் களையைத் தின்னிருக்கும்! சினையில அதைத் தின்னா கன்னுக்குக் கால் கோணும். எனக்கே ஆச்சு."

"என் நிலத்துல லூபின் ஒரு செடி கிடையாது. உங்க நிலத்துல இருந்தா சொல்லுங்க, நானே வந்து பிடுங்கறேன்" என்றாள் ஆர்லிஸ். "எத்தனை கன்னு கோணிச்சு உங்களுக்கு?"

குரல் கொடுத்தவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"அப்பன் யாரு அந்தக் கன்னுக்கு?"

மூன்றாம் வரிசையில் இருந்த ஒருவர் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர் தரையைப் பார்த்தார்கள். ஆர்லிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் இல்லை இது. இவர்களும் புதைத்திருக்கிறார்கள். புதைத்துவிட்டுக் களையைத் திட்டியிருக்கிறார்கள்.

ரோய்ஸ் இரண்டே எட்டில் மேடைப் படிக்கு வந்தான். "கர்னல், இருபத்தேழு வாபஸ். அடுத்ததுக்குப் போங்க."

"விக்கிறவ நான். நான் வாபஸ் வாங்கல" என்றாள் ஆர்லிஸ். "ஏலம் விடுங்க கர்னல்."

கர்னலே தயங்கினார். "ஏம்மா, யாரும் கேட்க மாட்டாங்கம்மா. எதுக்கு வீணா..."

"கேட்க மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் விடுங்க. உண்மையைச் சொன்னா என்ன விலை போகுதுன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

கர்னல் தொண்டையைச் செருமிக்கொண்டார். நிமிஷத்துக்கு நானூறு வார்த்தை பேசுகிற மனுஷன் அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். டோலிஃப்சன் மந்தை. எந்தப் பசு வேண்டுமானாலும். மேடையில் சொன்ன குறையோடு. யாராவது தொடங்குங்கள். வட்டத்தைச் சுற்றி நின்று கை தூக்குபவர்களைப் பிடித்துக் கத்தும் நாலு ஆட்களும் கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்கள். போன வாரம் வரை இதே பசுக்களைக் கேட்டு அவளுக்குப் போன் மேல் போன் போட்டவர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம். கர்னல் சுத்தியலைத் தட்டினார். விலை போகவில்லை.

ஆர்லிஸுக்கு வலித்தது. வலிக்கும் என்று தெரிந்துதான் ஏறினாள், இருந்தாலும் வலித்தது. நூற்றிப்பத்து மார்த்தாக்களையும் ஒரே சத்தத்தில் தட்டித் தள்ளியதுபோல இருந்தது. அவள் முதுகை வளைக்கவில்லை. ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்து, அடுத்து விற்பவனிடம் நீட்டினாள். இருபத்தெட்டாம் எண் ரோய்ஸ் டங்கல்.

வட்டத்துக்குள் அந்த இளங்காளையை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பளபளவென்று நின்றது. பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ரோய்ஸ் கையை நீட்டவில்லை. "நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. புத்தகத்துல எல்லாம் போட்டிருக்கு" என்றான்.

கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்படி இல்லப்பா ரோய்ஸ். ஆன்வில்கிட்டக் குறை இருக்குன்னு மேடையில சொல்லியாச்சு. மேடையில சொன்னா புத்தகம் செல்லாது. இது ஆன்வில் மகன். நீ பேசாம இருந்தா ஆர்லிஸ் சொன்னதுதான் உன் காளைக்கும். இல்லைன்னு சொல்லணும்னா நீயே மேடையில சொல்லு. இத்தனை பேர் முன்னாடி."

ஆர்லிஸ் ஒலிவாங்கியை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். "வாங்கிக்க ரோய்ஸ். இல்லைன்னு சொல்லு. நான் இங்கதான் நிக்கிறேன்."

ரோய்ஸ் முகத்தில் ஈயாடவில்லை. ஒலிவாங்கியைப் பார்த்தான். அதைத் தொட்டால் பொய் சொல்ல வேண்டும். பொய்யை எழுநூறு பேர் கேட்பார்கள், மார்ச்சில் சங்கமும் கேட்கும். தொடாவிட்டாலும் போச்சு. அவன் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். "காளையை வெளிய ஓட்டு" என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டுப் பக்கக் கதவு வழியாகப் போனான். கதவைச் சாத்தக்கூட இல்லை. குளிர்காற்று உள்ளே வந்து வைக்கோலைக் கலைத்தது.

இருபத்தொன்பதாம் எண் லைல் நோவோட்னி. ஆன்வில் மகள் ஒன்றை, அவனிடம் இருந்ததிலேயே நல்லதை, கொண்டுவந்திருந்தான். அவன் மேடைக்கு வந்தபோது முகம் சிவந்து கிடந்தது. ஆர்லிஸ் அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினான்.

"பாவி பொம்பளை" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "இருபது கிடாரி வச்சிருக்கேன்டி நான். நேத்தே சொல்லக் கூடாதா? சாப்பாட்டு வரிசையில நிக்கும்போதாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும். கர்னல் சொல்வாருன்னு நம்பிட்டேன்" என்றாள். "தப்பு என்னுதுதான்."

அவன் ஒலிவாங்கியை அவள் கையிலிருந்து பிடுங்கினான். கூடத்தைப் பார்த்தான். ஏற்கெனவே நாலைந்து பேர் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றிருந்தார்கள்.

"லைல் நோவோட்னி. இது ஆன்வில் மகள்" என்றான். "குறை இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நான் பார்க்கல. பார்க்கணும்னு தோணவும் இல்ல. எண்ணைப் பார்த்தேன், வாங்கினேன். இவளை இன்னிக்கு விக்கல. வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன். சோதிச்சுட்டு வந்து இதே இடத்துல நின்னு சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினான். "போன வருஷம் கன்னு கோணிச்சுன்னு களையைத் திட்டினவங்க யாரெல்லாமோ, நீங்களும் சொல்லலாம். மேடை இங்கதான் இருக்கு."

முப்பதாம் எண்ணுக்காரரிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தான். அந்த ஆள் அதை ஏதோ சூடான பாத்திரம்போல வாங்கிக்கொண்டார். பிறகு அவரும் "என்னுதுலயும் ஆன்வில் இருக்கு" என்றார்.

ஆர்லிஸ் படியிறங்கினாள். வாசல் நேரே இருந்தது, அவள் வண்டி வாசலுக்கு வெளியே இருந்தது. போய்விட்டால் யாரும் தடுக்கப்போவதில்லை. அவள் வாசலுக்குப் போகவில்லை. முதல் வரிசையில் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு இடது பக்கம் இருந்த தம்பதிகள் காப்பி வாங்கப் போவதுபோல எழுந்து போனார்கள், திரும்பி வரவில்லை. வலது பக்கத்து ஆளும் நகர்ந்தான். வரிசையே காலியானது.

பரவாயில்லை. அவள் தொப்பியைக் கழற்றி வலது பக்கத்து நாற்காலியில் வைத்தாள், புத்தகத்தை மடியில் விரித்தாள், பேனாவை எடுத்து இருபத்தேழாம் பக்கத்துப் பொடி எழுத்து வரியை அடித்தாள். அடித்ததற்கு மேலே "உண்டு" என்று எழுதினாள்.

பூட்ஸ் சத்தம் கேட்டது. லைல் வந்து நின்றான். நாற்காலியிலிருந்த தொப்பியை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். அவள் பக்கம் திரும்பவேயில்லை.

"மகளோட சேர்த்துப் பார்த்த காளை வேற ஏதாவது உங்கிட்ட இருக்கா?" என்று மேடையைப் பார்த்தபடியே கேட்டான்.

"ஒண்ணு இருக்கு. பன்னிரண்டு வயசு. பதினோரு மகளுங்களோட சேர்த்துப் பார்த்தாச்சு, கன்னு பதினொண்ணும் நேரா நின்னுச்சு. ஆனா எண்ணெல்லாம் மட்டம். யாரும் சீந்தல."

"என் இருபதுக்கும் அவனை விடுவியா?"

"விடுவேன்" என்றாள் ஆர்லிஸ். "பாதிப் பங்கு மட்டும் கேட்காத. தரமாட்டேன்."